அத்தியாயம் 6: தேரிக்காட்டுக்குப் பேருந்தில்: தோட்டத்து மாணவர் குழுக்களுக்கு

பாலைவனம் என்றால் நம் பிள்ளைகளுக்கு ஒட்டகம் நினைவுக்கு வரும், அடுத்தது பிரமிடு. தேரியில் இரண்டும் கிடையாது. அங்கே இருப்பது செக்கச்செவேலென்ற மணல், பனை, உடைமரம், கொல்லாமரம், நடுவே ஓர் அய்யனார். தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கமெல்லாம் மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கும் இந்த மணற்காட்டைத்தான் ஊரார் தேரி என்கிறார்கள். தமிழ் பேசும் நிலத்தில் பாலைவனத்துக்கு மிக நெருங்கி வருவது இதுதான். இதற்குப் பக்கத்திலேயே, பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள், ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்ற பழந்தமிழர் தொல்லிடங்கள் மூன்றும் இருக்கின்றன.

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோன குடும்பங்களிலிருந்தும் இடைநிலைப்பள்ளி மாணவர்களைத் திரட்டி, முப்பது நாற்பது பேராக அழைத்துப்போக நினைக்கும் ஆசிரியர்களுக்கும் ஆலய இளைஞர் பிரிவினருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் எழுதியது இந்த அத்தியாயம். "உண்மையான பாலைவனம் பார்க்க வேண்டுமென்றால் ராஜஸ்தானுக்கே போகலாமே" என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் எழுந்து கேட்பார். கேள்வி நியாயமானது. ஜெய்சல்மேரின் மணல்மேடுகள் அழகு. பக்கத்துக் குஜராத்தில், கச்சின் உப்புவெளிக்கு நடுவே இருக்கும் தோலாவிரா 2021-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆனால் அங்கே போனால் வழிகாட்டி பேசுவதை யாராவது மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். இடத்துக்கு இடம் தூரமும் அதிகம். தேரியில் பனையேறியிடமும் பூசாரியிடமும் மாணவன் தானே நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு அது பெரிய வசதி. ராஜஸ்தானைப் பல்கலைக்கழகக் காலத்துக்கு விட்டுவையுங்கள்.

முதலில் பெங்காலான் கெம்பாஸ்

கடல் கடக்கும் முன் குழுவை உள்ளூரில் ஒருநாள் சோதித்துப் பாருங்கள். இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல இடம் இருக்கிறது. லிங்கி ஆற்றோரம் பெங்காலான் கெம்பாஸில் பெருங்கற்கள் நட்டு நிற்கின்றன. அவற்றில் மூன்று, வாள், அகப்பை, கப்பலின் சுக்கான் என்று சொல்லும்படியான உருவங்களில் செதுக்கியவை. இவை வளர்கின்றன என்ற நம்பிக்கையில் மலாய்க்காரர்கள் இவற்றை உயிருள்ள கற்கள் என்பார்கள். அருகே அகமது மஜ்னூன் என்பவரின் கல்லறையும், 1467-ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டும் உள்ளன. ஒரே கல்லில் ஜாவி எழுத்தும் பழைய ஜாவா வழிவந்த எழுத்தும் இருப்பதை மாணவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள். துளையிட்ட கல் ஒன்றும் உண்டு. பொய் சொன்னவன் அதில் கையை விட்டால் துளை இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பது ஊர்ப்பேச்சு. யார் முதலில் கையை விடுகிறார்கள், யார் பின்வாங்குகிறார்கள் என்று பார்த்தாலே அந்தக் குழுவின் குணம் புரிந்துவிடும்.

இந்த ஒருநாள் பயணம் சுற்றிப் பார்க்க அல்ல, பழகிக்கொள்ள. யாருக்குப் பேருந்தில் வாந்தி வருகிறது, யாருக்கு மூச்சிரைப்பு, யார் குறிப்பேட்டில் உண்மையாகவே எழுதுகிறார்கள், எந்த ஆசிரியர் பொறுமை இழக்கிறார் என்பதெல்லாம் அன்றைக்கே வெளிப்பட்டுவிடும். ஆள் எண்ணும் முறையையும் அன்றே பழக்குங்கள். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு என்றால் தாத்தா பாட்டிக்குத் தெரியும்: பேர் கூப்பிட்டால் ஆள் அங்கே நின்றாக வேண்டும். பேருந்து ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் அதே பெரட்டு. தலையை எண்ணினால் போதாது, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தலையெண்ணிக்கை சரியாக வந்தும் ஆள் மாறிப்போவது உண்டு; கோயில் வாசலில் நிற்கும் வேறொரு குழுப் பிள்ளை தவறி ஏறிவிடும்.

காகிதங்கள்

ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. மலேசியக் குடிமக்களுக்கு இந்திய விசா வேண்டும். மின்விசாவை அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் ஏராளம். கடப்பிதழ் பயண நாளிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். விசாவில் உள்ள பெயரும் கடப்பிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருக்க வேண்டும். நம் பிள்ளைகளின் பெயரில் "அ/லெ", "அ/பெ" வருவதால் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரே ஆசிரியர் உட்கார்ந்து எல்லா விண்ணப்பங்களையும் ஒரே முறையில் நிரப்புவது நல்லது.

பள்ளியின் பெயரில் போவதென்றால் கல்வி இலாகாவின் அனுமதி வேண்டும். ஆலயம், இயக்கம் என்று போனாலும் ஒவ்வொரு பெற்றோரிடமும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகலோடு வைத்திருங்கள்.

பெயர்ப்பட்டியலைப் பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கும் முன், ஒவ்வொரு குடும்பத்தையும் தனியே அழைத்துக் காகிதங்களைப் பாருங்கள். தோட்டத்துக் குடும்பங்களில் பிறப்புப் பதிவு விட்டுப்போனதாலும், பெற்றோரின் திருமணம் பதிவாகாததாலும் குடியுரிமை நிலுவையில் நிற்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடப்பிதழ் கிடைக்காது. நாற்பது பேர் முன்னால் அது தெரியவந்தால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கே வராது. முன்கூட்டியே தெரிந்தால் குடும்பத்தைப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப்போகவாவது வழி பிறக்கும். பயணத்துக்குள் காரியம் முடியாமல் போகலாம். ஆனாலும் பயணத்தை முன்னிட்டுத் தொடங்கிய அந்த விண்ணப்பம் பயணத்தைவிடப் பெரிய காரியம்.

பணம்

மொத்தமாகக் கேட்டால் பெற்றோர் தயங்குவார்கள். மாதத் தவணையாகக் கேளுங்கள். துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்கத் துன் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, பால்மரத் தொழிலாளிகள் தவணை கட்டித்தான் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. ரசீது கொடுங்கள், கணக்கை மாதாமாதம் ஒட்டுங்கள். மருத்துவம், விமானத் தாமதம் போன்றவற்றுக்கு ஒரு பகுதியைத் தொடாமல் வையுங்கள். பிள்ளைகளின் கைச்செலவுக்கு ஒரே உச்சவரம்பு வையுங்கள். அதை மீறிக் கொடுத்தனுப்பும் பெற்றோரிடம் கண்டிப்பாகவே பேசுங்கள்.

எப்போது போவது

இதில் முழு நிம்மதி தரும் பதில் கிடையாது. டிசம்பர் பிற்பகுதியும் ஜனவரியும் வெயில் தாழ்ந்த காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு தேரியில் பச்சை தெரியும், மணலும் காலுக்கு இறுக்கமாக இருக்கும். ஆனால் அப்போது பதநீர் கிடையாது. பனை சீவும் காலம் மாசி பங்குனியில் தொடங்கி ஆனி ஆடிவரை போகும். மார்ச்சில் போனால் பனையேறியைப் பார்க்கலாம், வெயிலும் ஓரளவு தாங்கும். மே மாதம் வேண்டவே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வீசும். மணல் முகத்தில் அறையும், கண்ணாடி போட்ட பிள்ளைகள் கண்ணைத் திறக்க முடியாது. தேரியை மேடு மேடாக அள்ளிக் குவித்ததே அந்தக் காற்றுதான் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஆசிரியர் தனியாகப் போய்ப் பார்க்கட்டும்.

நம் பள்ளி விடுமுறை அட்டவணை அண்மை ஆண்டுகளில் அங்கும் இங்குமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் மாதத்தை முதலில் முடிவு செய்யாமல், அமைச்சின் அட்டவணை வெளியானதும் அதில் டிசம்பருக்கோ மார்ச்சுக்கோ நெருங்கிய விடுமுறையைப் பிடியுங்கள். என் விருப்பம் மார்ச். பனை சீவுவதைப் பார்க்காத தேரிப்பயணம் பாதிப் பயணம்.

பேருந்தும் ஓட்டுநரும்

விமான நிலையம் நமக்கு வாசலில் இருப்பது அதிர்ஷ்டம். நீலாய், லாபு பிள்ளைகள் அரை மணியில் செப்பாங் போய்விடுவார்கள். பகாவ், ஜெராம் பாடாங் பக்கத்துப் பிள்ளைகளை முந்தைய இரவே சிரம்பானில் ஓர் ஆலய மண்டபத்தில் தங்கவைத்துவிடுவது உத்தமம். விடியற்காலை மலைப்பாதையில் அவசரமாக ஓட்டிவருவது வேண்டாம்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் உண்டு. திருச்சியிலிருந்து திருநெல்வேலிவரை சுமார் 300 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போகாதீர்கள்; மதுரையில் ஓர் இரவு தங்குங்கள். வண்டியை அமர்த்தும்போது விலையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியவை சில. எல்லா இருக்கைக்கும் இருக்கைவார் உண்டா? நம் நாட்டில் 2025 ஜூலை முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் கட்டாயமாகிவிட்டது. அங்கே பல வண்டிகளில் கிடையாது, கேட்டால்தான் தேடித் தருவார்கள். ஓட்டுநருக்கு இரவில் படுக்க அறை யார் தருவது? வாடகையில் பேட்டா சேர்ந்ததா, தனியா? சுங்கக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம் யார் பொறுப்பு? இவை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் வண்டி ஓடாது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் "நாம பாத்துக்கலாம் சார்" என்று சிரிப்பார். நீங்களும் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்குங்கள். அவரை அண்ணாச்சி என்று கூப்பிடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். திருநெல்வேலிச் சீமையில் கடைக்காரர், பூசாரி, பனையேறி எல்லோருக்கும் அந்த ஒரு சொல் செல்லும். நம் பிள்ளைகள் வாயில் தானாக வரும் "அங்கிள்" அங்கே ஒட்டாது.

45 இருக்கை வண்டி தேரிக் கிராமங்களின் தார்ச்சாலைவரைதான் போகும். தாரை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலும் மணல் பிடித்துக்கொள்ளும். பிறகு ஊரே வந்து தள்ள வேண்டியிருக்கும். முப்பதுக்கு மேல் ஆள் இருந்தால் ஒரு பெரிய வண்டிக்குப் பதில் இரண்டு சிறிய வண்டி எடுப்பதே நல்லது. காசு கொஞ்சம் கூடும். ஆனால் ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும்.

மதுரையிலிருந்து தெற்கே

மதுரையில் தங்கிய மறுநாள் காலை கீழடி அகழாய்வு அருங்காட்சியகம். 2023 மார்ச்சில் திறந்தது, நகரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் போதும். வார விடுமுறை எந்த நாள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் தெற்கு நோக்கிய சாலையில் சன்னல் ஓர மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்: மண்ணின் நிறம் மாறும் இடங்களை நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் வரும், கன்னங்கரேலென்று. செம்மண் சரிவில் செம்பனை வரிசைகளை மட்டுமே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, மரமே இல்லாமல் அடிவானம்வரை கறுத்துக் கிடக்கும் அந்த நிலம் முதல் அதிர்ச்சி. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கலாம். கயத்தாறில் கட்டபொம்மனை 1799-இல் தூக்கிலிட்ட இடத்தில் நினைவிடம் இருக்கிறது. கால் மணி நேரம் நிறுத்துங்கள். இரவுக்குள் திருச்செந்தூர் போய்விடுங்கள்.

பெரும்பாலான குழுக்கள் ஆதிச்சநல்லூரை முதலில் பார்த்துவிட்டுத் தேரியைக் கடைசியில் படமெடுக்கும் இடமாக வைத்துக்கொள்கின்றன. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியிலேயே ஆதிச்சநல்லூர் இருப்பதால் அப்படி அமைந்துவிடுகிறது. நான் அதைத் தலைகீழாக மாற்றச் சொல்வேன். முதலில் மணலில் நடக்கட்டும். பிறகு ஆதிச்சநல்லூரில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழியைப் பார்க்கட்டும். காரணம் பின்னால் வருகிறது.

தேரியில் முதல் காலை

இந்தியாவில் நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். நம் வீட்டில் ஆறரைக்கு எழும் பிள்ளை அங்கே நான்கு மணிக்கே விழித்துக்கொள்ளும். இதைத் தொந்தரவாக நினைக்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாட்களில் மட்டும் பதினாறு வயதுப் பிள்ளைகள் அதட்டாமலே விடியலுக்கு முன் எழுவார்கள். ஐந்தரைக்கு வண்டி கிளம்பினால் சூரியன் எழும்போது தேரியில் நிற்கலாம்.

போக வேண்டியது குதிரைமொழித் தேரி. திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழி வழியாகப் போனால் தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. கார்த்திகை மாதத்துக் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்குப் பேர்போனது. அந்த நாளில் மாணவர் குழுவோடு போகாதீர்கள், கூட்டத்தில் பெரட்டு எடுக்க முடியாது. கொஞ்சம் தள்ளி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். மணற்காட்டு ஓரத்தில் வற்றாத சுனையும் மருதமர நிழலும் எப்படி வந்தன என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பெய்த மழையை மணல் அப்படியே உறிஞ்சி உள்ளுக்குள் தேக்கி, தாழ்ந்த ஓரத்தில் கசியவிடுகிறது. பூசாரியைக் கேட்டால் சாபமும் மண்மாரியுமாக வேறு கதை சொல்வார். இரண்டையும் எழுதிக்கொள்ளட்டும்.

பெரும்பகுதி காப்புக்காடு, குழுவாக உள்ளே போக வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். படப்பிடிப்புக்காரர்கள் வந்து போகும் இடமென்பதால் "யாரும் கேட்கமாட்டார்கள்" என்று ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. கேட்காமல் போனாலும் நீங்கள் கடிதத்தோடு போங்கள்.

கால்சட்டை முழு நீளம், காலில் சப்பாத்து. சிலிப்பர் கூடாது. உடைமுள் வெண்மையாக, விரல் நீளத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். மணலுக்குள் புதைந்து மேல்நோக்கிக் கிடந்தால் ரப்பர் செருப்பைத் துளைத்து வெளியே வரும். தலைக்குத் தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தோட்டத்தில் வெயிலில் நின்றால் சட்டை நனைந்து ஒட்டும், தாகம் தானே தெரியும். தேரியில் காற்று வியர்வையை உடனுக்குடன் காயவைத்துவிடுவதால் பிள்ளைக்குத் தாகமே தோன்றாது. தலைவலிதான் முதலில் வரும். அதனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்து எல்லோரையும் ஒன்றாகக் குடிக்க வையுங்கள். தேரிக்குள் கழிப்பறை கிடையாது. தங்குமிடத்திலேயே போய்விட்டுக் கிளம்புவதும், ஒன்பதரைக்குள் திரும்பிவிடுவதும் முக்கியமாகப் பெண்பிள்ளைகளை நினைத்துச் சொல்வது. முதலுதவிப் பையில் அணையாடை கூடுதலாக இருக்கட்டும்.

உள்ளே போனதும் முதல் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது, கைப்பேசியும் கூடாது என்று சொல்லிவிடுங்கள். நின்ற இடத்தில் குனிந்து பார்க்கட்டும். இரவுக்காற்று மணலில் வரிவரியாக அலை போட்டிருக்கும். அதன் மேல் வண்டு ஊர்ந்த தடம் தையல்போட்டது மாதிரி ஓடி ஒரு சிறு குழியில் முடியும். சில பனைகளில் மணல் விலகி வேர்க்கற்றை இடுப்பளவுக்கு வெளியே தெரியும். பக்கத்துப் பனை கழுத்துவரை புதைந்து நிற்கும். மணல் ஒரு பக்கம் குறைந்து மறு பக்கம் ஏறுவதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டாது. கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். மணலில் இழுத்தால் கரும்பொடி ஒட்டிக்கொண்டு வரும். மணலின் சிவப்பே இரும்பின் வேலைதான்: மணிகளின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்திருக்கிறது. விடியலில் கருஞ்சிவப்பாக இருந்த மேடு எட்டு மணிக்குச் செங்கல் நிறமாகி, பத்து மணிக்கு வெளிறிப்போவதை நேரக்குறிப்போடு எழுதச் சொல்லுங்கள்.

மேடுமேடாக ஏறி உருண்டு விளையாட ஆசைப்படுவார்கள். அனுமதி பெற்ற இடத்தில், முள்ளில்லாத ஒரு சரிவைப் பார்த்து, கடைசி அரைமணி விடுங்கள். பிள்ளைகள்தானே.

மார்ச்சில் போயிருந்தால் அன்று காலையே உடன்குடிப் பக்கம் பனையேறி ஒருவரோடு பேச ஏற்பாடு செய்யுங்கள். ஊரில் ஒரு கருப்பட்டிக் கடையில் விசாரித்தால் கூட்டிப்போவார்கள். அவர் வேலைநேரத்துக்கு ஊதியம் கொடுத்துவிடுங்கள். பாளையின் நுனியை அன்றாடம் மெல்லிய சீவலாகச் சீவினால்தான் பதநீர் ஊறும். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். பால்மரப் பட்டையை அன்றாடம் மெல்லிசாக வெட்டிய பாட்டி வீட்டில் இருந்தால், அவரிடம் இதைக் கேட்டுவரச் சொல்லிப் பயணத்துக்கு முன்பே வீட்டுப்பாடம் கொடுங்கள். செம்பனைக் குலையை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கத்தியின் இந்த நிதானம் தெரியாது. கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். சுண்ணாம்பு இருந்தால் பதநீர். இல்லையென்றால் புளித்துக் கள். வேதியியல் ஆசிரியர் உடன் வந்திருந்தால் அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு விஷயம் கிடைக்கும்.

ஆதிச்சநல்லூர்

மறுநாள், அல்லது இன்னொரு காலைத் தேரிக்குப் பிறகு, திருநெல்வேலி சாலையில் திரும்பி ஆதிச்சநல்லூர் வாருங்கள். தாமிரபரணியின் தென்கரையில், நெல்வயலுக்கு மேலே, சரளை நிறைந்த வறண்ட மேடு; சுமார் 114 ஏக்கர். 1876-இல் ஜெர்மானியர் ஃபெடோர் ஜாகோர் தோண்டினார். அவர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த வெண்கலமும் இரும்பும் பொன் நெற்றிப்பட்டங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2004, 2005-இல் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியது. 2021-இல் தொடங்கிய அகழாய்வுக்குப் பின், தாழிகளை எடுக்காமல் குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடித்தளம் போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழி. நடக்கப் பயப்படும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். செத்தவர்களை வைத்த இடம் என்று தெரிந்துதான் பயப்படுகிறது.

மணலுக்கு முதலிடம் கொடுக்கச் சொன்ன காரணம் இங்கேதான். கண்ணாடியருகே ஒரே கேள்வி கேளுங்கள்: இவ்வளவு பெரிய இடுகாட்டை ஏன் இந்த மேட்டில் வைத்தார்கள்? முந்தின காலை வறண்ட நிலத்தில் நடந்த பிள்ளை தானாகவே ஆற்றையும் வயலையும் திரும்பிப் பார்க்கும். விளையும் நிலத்தை உயிரோடிருப்பவர்களுக்கு வைத்துக்கொண்டு, விளையாத மேட்டை இறந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்ற பதில் பெரும்பாலும் மாணவர்களிடமிருந்தே வந்துவிடும். தேரியைப் பார்க்காமல் வந்த குழுவிடம் இதே கேள்விக்கு மௌனம்தான் கிடைக்கும்.

சிவகளையைப் பற்றிச் சொல்லும்போது கவனம் வேண்டும். அங்கே தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் பொதுயுகத்துக்கு முன் 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் இரும்பின் காலத்தைப் பொதுயுகத்துக்கு முன் நான்காம் ஆயிரமாண்டுவரை கொண்டுபோகும் முடிவுகளைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. இதுபற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் நடக்கிறது. "உலகத்திலேயே முதல்" என்று பேருந்தில் ஒலிபெருக்கியைப் பிடித்து முழங்காதீர்கள். தேதி எப்படிக் கணிக்கிறார்கள், எந்தப் பொருளில் கணித்தார்கள் என்று கேட்கப் பழக்குங்கள். பெருமை பின்னால் தானே வரும்.

தேரியிலேயே இதைவிடப் பழைய கைவேலை கிடைத்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். சாயர்புரம் முதலான இடங்களின் தேரி மணலில் நகத்தளவுக் கற்கருவிகள் கிடைத்தன. ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் அவற்றைப் பற்றி 1956-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு "தேரிக் கருவிகள்" என்பது தொல்லியலில் நிலைத்த பெயராகிவிட்டது.

கொற்கைக்குப் போனால் ஏமாற்றம் நிச்சயம். அதற்காகவே அரைமணி போகலாம். பாண்டியரின் முத்துத்துறைமுகம் என்று படித்துவிட்டுப் போகும் பிள்ளை அங்கே வாழைத்தோட்டத்தையும் ஒரு பழைய வன்னிமரத்தையும் பார்க்கும். கடல் எங்கே? ஆறு கொண்டுவந்த வண்டல் கரையை நீட்டி நீட்டிக் கடலைச் சுமார் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிவிட்டது.

மணப்பாடு, குலசேகரன்பட்டினம் இரண்டும் ஒரே மாலையில் முடியும். மணப்பாட்டில் மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம்; குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளத்தின் வேலை. உள்ளே விடமாட்டார்கள்.

கொண்டுவரக் கூடாதவை

எல்லாப் பிள்ளையும் ஒரு போத்தல் சிவப்பு மணல் கொண்டுவர ஆசைப்படும். கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். காப்புக்காட்டு மண் அது. போதாததற்கு இந்தக் கரையோரத்தில் தாதுமணல் அள்ளுவது 2013-லிருந்து தடைசெய்யப்பட்ட விஷயம். பானை ஓடும் கற்சில்லும் அதைவிட ஆபத்து: இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது குற்றம். திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் பைகளைப் பொறுப்பாசிரியரே பார்த்துவிடட்டும். கருப்பட்டி வாங்கலாம், ஓலைப்பெட்டி வாங்கலாம்.

பெற்றோர் கூட்டத்தில் இன்னொரு கோரிக்கையும் எழும்: "அப்படியே எங்க தாத்தா ஊருக்கும் ஒரு எட்டு போயிட்டு வரலாமே சார்." நம் குடும்பங்களின் பூர்வீகம் திருச்சி, சேலம், தஞ்சை, வடஆற்காடு, இராமநாதபுரம் என்று நாலாபக்கமும் சிதறிக் கிடக்கிறது. ஒருவருக்கு இசைந்தால் நாற்பது பேருக்கும் இசைய வேண்டும். ஊர் தேடுவது குடும்பத்தோடு செய்ய வேண்டிய வேறு பயணம் என்று பணிவாகச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

எவ்வளவு திட்டமிட்டாலும் விமானமோ மழையோ ஒரு நாளைத் தின்றுவிடும். அப்போது எதை விடுவது என்று வண்டிக்குள் வாக்குவாதம் வரும். மதுரைக் கடைத்தெருவை விடுங்கள், மணப்பாட்டை விடுங்கள், கீழடியைக்கூட விடலாம். தேரியின் காலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.